பன்றி கிளறிய தொப்பிமாட்டி

ஹார்லன் ப்ருவிட் 1864ஆம் ஆண்டு அக்டோபரில் தன் தங்கை புருஷனைப் பார்த்துச் சுட்ட குண்டு, 1873ஆம் ஆண்டு மே மாதம் வந்தும் துப்பாக்கியை விட்டு வெளியே வரவில்லை. பிங்கர்ட் துறை என்ற அந்த ஊரில் இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அமெரிக்க உள்நாட்டுச் சண்டைக் காலத்தில் மிசௌரியின் தெற்கு மலைகளில் ஒரே வீட்டுக்காரர்கள் இரண்டு பக்கமாகப் பிரிந்து நின்றார்கள். ஹார்லன் தெற்குக்காரர்களோடு குதிரையில் திரிந்தான். ஆமோஸ் டாக்கெட் வடக்கின் நீலக் கோட்டைப் போட்டுக்கொண்டான். டெல்ஃபியா ஒருவனுக்குத் தங்கையாகவும் மற்றவனுக்குப் பெண்டாட்டியாகவும் நடுவில் மாட்டிக்கொண்டாள். ஆள் உயரத்துக்கு மேல் காய்ந்து நின்ற சோளக்காட்டில் ஹார்லன் விசையை இழுத்தான். சுத்தி விழுந்தது, துப்பாக்கியின் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் சிறு காம்பில் மாட்டியிருந்த, மருந்துக்குத் தீ கொடுக்கும் செம்புத் தொப்பி பட்டென்று வெடித்தது, அறைக்குள் இருந்த கருமருந்து மட்டும் பிடிக்கவில்லை. இப்படி ஆனால் துப்பாக்கியைத் தாழ்த்தக்கூடாது, குறி வைத்த இடத்தையே காட்டிக்கொண்டு நூறு எண்ண வேண்டும் என்பது அந்தக் காலத்துத் துப்பாக்கிக்காரர்களின் வழக்கம். ஹார்லன் நூறு எண்ணினான், இன்னொரு நூறும் எண்ணினான். எதிரே ஆமோஸும், அவனைக் கட்டிக்கொண்டு டெல்ஃபியாவும் அசையாமல் நின்றார்கள். காம்பின் ஓட்டையில் நூல்போலப் புகை வந்ததே தவிர வெடி வரவில்லை. தூரத்தில் குதிரைப்படையின் புழுதி தெரிந்ததும் துப்பாக்கியை இடுப்பில் செருகப் பார்த்தான். குழல் திரும்ப மறுத்தது. அதைக் கீழே போட்டுவிட்டு வேலியைத் தாண்டினான். தாண்டும்போது கழுத்திலிருந்த தோல்வார் அறுந்து, அதில் தொங்கிய தொப்பிமாட்டி எங்கேயோ விழுந்தது.

உள்ளங்கைக்குள் அடங்கும் பித்தளைச் சாமான் அது. உள்ளே செம்புத் தொப்பிகள் வரிசையாக நிற்கும், மூக்கைக் காம்பில் வைத்து அழுத்தினால் ஒன்று மாட்டிக்கொள்ளும். ஹார்லன் தன் ஜோடித் துப்பாக்கிகள் இரண்டின் காம்புகளையும் தானே அரம் போட்டு ராவியிருந்தான். அவற்றில் வேறு யாருடைய தொப்பியும் உட்காரவில்லை. கையால் வைத்தாலும் வழுக்கி விழுந்தது, மற்றவர்களின் தொப்பிமாட்டியால் வைத்தாலும் விழுந்தது. ஆகவே தொங்கலில் நின்ற அந்த வெடியை முடித்துவைக்க ஒரே வழி, காணாமல்போன அந்தப் பித்தளைச் சாமான்தான் என்று ஊர் முடிவுக்கு வந்தது. துப்பாக்கியை எடுத்து வந்த ஆமோஸ், அது தன்னைத்தான் காட்டுகிறது என்று சொல்லி லூமிஸின் கடையில் உத்தரத்தில் வார் கட்டித் தொங்கவிட்டான். எப்படிச் சுற்றிவிட்டாலும் குழல் டாக்கெட் வீட்டுப் பக்கம் வந்து நின்றது. ஒருமுறை ஓடையில் ஒன்பது நாள் ஊறப்போட்டார்கள், புகை நிற்கவில்லை. ஒருமுறை மண்ணில் புதைத்தார்கள். மண்ணுக்குள்ளேயே அது திரும்பிய இடத்தில் எலி வளை தோண்டியதுபோல மேடு தட்டியது. மறுபடி எடுத்து மாட்டிவிட்டு, கடைக்காரர் லூமிஸ் அதன் கீழே மாவு மூட்டை வைப்பதை மட்டும் நிறுத்தினார்.

சண்டை முடிந்து ஹார்லன் ஊர் திரும்பியபோது அவனுக்குக் காது கேட்கவில்லை. கடைசியாகக் கேட்டது அந்தத் தொப்பி வெடித்த சத்தம்தான், அதற்கடுத்த சத்தம் வராமல் வேறெதுவும் உள்ளே நுழைய மறுத்தது. மழை பெய்து மண் இளகிய நாட்களில் ஒரு இரும்புப் பல் வாரியை எடுத்துக்கொண்டு அந்தச் சோளக்காட்டைக் கிளறினான். மற்ற நாட்களில், மருந்தில்லாத இரண்டாவது துப்பாக்கியை இடுப்பில் செருகிக்கொண்டு, லூமிஸின் கடையில் தொங்கும் துப்பாக்கிக்கு அடியிலேயே உட்கார்ந்திருந்தான். பாதியில் விட்ட வேலையை முடிக்கக் காத்திருக்கிறான் என்று ஊர் பேசியது. டெல்ஃபியாவும் அப்படித்தான் நினைத்தாள், கூடப்பிறந்தவனிடம் ஒன்பது வருஷம் முகம் கொடுக்கவில்லை.

ஆமோஸோ நாளாக ஆகப் பெண்டாட்டியை விட்டு ஐந்தடி நகராத ஆளாகிப்போனான். அவள் ஓடையில் துணி துவைத்தால் கரையில் உட்கார்ந்து கோடரிக்காம்பு செதுக்கினான். அவள் புதரில் கருப்புப் பழம் பறித்தால் கூடை பிடித்தான். ஆண்கள் வலப்பக்கமும் பெண்கள் இடப்பக்கமும் உட்காரும் கோயிலில், அவன் மட்டும் பெண்கள் பக்கம் போய் அவளை ஒட்டி உட்கார்ந்தான். போதகர் கண்டித்ததற்கு, அந்தப் பக்கத்துக் காதுதான் தனக்கு நன்றாகக் கேட்கிறது என்றான். பாவாடை நாடாவில் முடிந்த ஆள் என்று கடை வாசலில் சிரித்தார்கள். குழல் காட்டும் ஆளுக்குப் பெண்டாட்டிதான் கேடயம் என்றும் சொன்னார்கள், அது அவள் காதில் விழுந்தபோது அவளுக்கு அவமானமாக இருந்தது. இருந்தாலும் அவனை அவளுக்குப் பிடித்திருந்தது. கல்யாணக் கட்டிலில் கடை இருக்கும் திசைப் பக்கம் தானே படுத்துக்கொண்டாள், வருவது முதலில் தன்மேல் படட்டும் என்று. விடிந்து பார்த்தால் எப்படியோ எதிர்ப்பக்கச் சுவரோரம் கிடப்பாள். தூக்கத்தில் உருளுகிற மனுஷன் என்று அவனைத் திட்டிக்கொண்டே அடுப்பு மூட்டுவாள்.

மே மாதம் இரண்டாவது வியாழக்கிழமை அவளுடைய பெண்பன்றி சேற்றில் கிளறி அந்தத் தொப்பிமாட்டியை வெளியே தள்ளியது. பன்றி அதை ஒரு தடவை மென்று பார்த்துவிட்டுத் துப்பிவிட்டுப் போனது. டெல்ஃபியா பாவாடையில் துடைத்துப் பார்த்தாள். மூக்கில் ஒரே ஒரு செம்புத் தொப்பி, நேற்று வைத்ததுபோலப் பளபளவென்று இருந்தது.  இது அண்ணன் கையில் கிடைத்தால் புருஷன் போய்விடுவான். புருஷன் கையில் கிடைத்தால், சலித்துப்போன மனுஷன், சுட்டுத் தொலையட்டும் என்று தானே போய் நின்றாலும் நிற்பான். பன்றிக்கொழுப்பு ஜாடியின் அடியில் அதை அமுக்கி வைத்துவிட்டு இரண்டு நாள் சாப்பிடாமல் யோசித்தாள். ஆமோஸ் ஜாடிப் பக்கம் போகும்போதெல்லாம் அவள் முந்திப்போய் நின்றுகொண்டாள்.

கடைசியில் அவள் கண்டுபிடித்த வழி சுலபமானது. மாவு மில் மேற்கே, கரடிமலைக்கு அப்பால். ஆமோஸ் மில்லில் இருக்கும்போது சுட்டால் குண்டு மலையில் புதைந்துபோகும், அத்தோடு தொல்லை தீரும். சனிக்கிழமை காலையில் கால் சுளுக்கிவிட்டதாகச் சொல்லிப் படுத்துக்கொண்டு, சோளம் அரைத்துவரச் சொன்னாள். அவன் முடியாது என்றான். அடுத்த வாரம் சேர்ந்து போகலாம் என்றான், உருளைக்கிழங்கு தின்றால் போதும் என்றான். அப்போது அவள் ஒன்பது வருஷமாக வாய்க்குள்ளேயே வைத்திருந்ததைச் சொன்னாள்.

"ஊரு சொல்றது சரிதான் போல. பொண்டாட்டி முதுகுக்குப் பின்னாடி இல்லாம ஒனக்கு ஒரு நாள் நடக்கத் தெரியாதா?"

 ஆமோஸ் கோவேறு கழுதையில் மூட்டையைப் போட்டான். கேட்டைத் தாண்டும் வரை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனான். பயந்தாங்கொள்ளி என்று அவள் மனதுக்குள் அழுதாள்.

சூரியன் உச்சிக்கு வரட்டும் என்று காத்திருந்து, பிசுக்கு வழியும் தொப்பிமாட்டியைத் துணியில் சுற்றிக்கொண்டு கடைக்கு நடந்தாள். இதற்குள் அவன் மலையைத் தாண்டியிருப்பான், குழல் மேற்கே பார்த்துக்கொண்டிருக்கும் என்று கணக்குப் போட்டிருந்தாள். படியேறி உள்ளே வந்தபோது குழல் கிழக்கே, வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தது. காற்றாக இருக்கும் என்று நினைத்து இடப்பக்கம் நகர்ந்தாள், குழலும் நகர்ந்தது. உப்புப் பீப்பாய்களுக்குப் பின்னால் போனாள். வார் மெல்ல முறுக்கிக்கொள்ள, குழல் திரும்பி, பீப்பாய் வழியாக அவள் நெஞ்சுக்கு நேரே வந்து நின்றது. காம்பில் புகை வந்துகொண்டிருந்தது. பாவாடைத் துணி வெட்டிக்கொண்டிருந்த லூமிஸ் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டார். கடையில் இருந்த நாலைந்து பேரும் சுவரோரம் ஒதுங்கினார்கள்.

ஹார்லன் எழுந்தான். துணிக்கு வெளியே தெரிந்த பித்தளையை அவன் பார்த்துவிட்டான். தன் குரலே தனக்குக் கேட்காத ஆள் பேசுவதுபோல, தேவைக்கு மேல் உரக்கப் பேசினான்.

"அத மாட்டிராத டெல்ஃபி. துப்பாக்கி ஒன்னத்தான் காட்டுது. நான் குறிவெச்சது அவனத்தான், ஆனா சுத்தி விழுறதுக்கு முன்னாடியே நீ சோளத்துக்குள்ளேருந்து குறுக்க வந்துட்ட. தொப்பிமாட்டிய வேற யாரும் எடுத்துரக் கூடாதுன்னுதான் மண்ணக் கிளறிக்கிட்டுக் கெடந்தேன்."

தொப்பி வெடித்த சத்தம் கேட்ட பிறகுதான் ஓடிவந்ததாக அவள் இத்தனை நாளும் நினைத்திருந்தாள். சோளத்துக்குள் யார் எங்கே நின்றார்கள் என்று அவளுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. அந்த நேரத்தில் ஆமோஸ் கடைக்குள் ஓடிவந்தான். மலையடிவாரம் வரை போய், மனது கேளாமல் திரும்பி, வீட்டில் அவளைக் காணாமல் கழுதையை அங்கேயே விட்டுவிட்டு ஓடிவந்திருந்தான். வந்தவன் யாரையும் பார்க்காமல் நேரே போய்க் குழலுக்கும் அவளுக்கும் நடுவில் நின்றான். நின்ற விதத்தைப் பார்த்ததுமே, ஒன்பது வருஷமாக அவன் நின்றுகொண்டிருந்த இடம் அதுதான் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. கோயிலில், ஓடைக்கரையில், கட்டிலில், எல்லா இடத்திலும் அவன் கடை இருக்கும் பக்கமே இருந்திருக்கிறான். அவளுக்குக் கோபம் வந்தது. இவ்வளவு கோபம் அவளுக்கு ஆயுசில் வந்ததில்லை.

"தெரிஞ்சேதான் என் பாவாடையப் பிடிச்சிக்கிட்டுத் திரிஞ்சியா?" என்று கேட்டாள்.

"தெரிஞ்சுதான். துப்பாக்கிய எடுத்துட்டு வந்த மொத நாளே பாத்துட்டேன், அது வீட்டப் பாத்துத் திரும்புச்சு, நான் கொட்டகையில நிக்கிறேன்," என்றான் ஆமோஸ். இன்னும் மூச்சு வாங்கியது. "ஒங்கிட்டச் சொன்னா நீ ஒரு நாள் தூங்குவியா?"

 டெல்ஃபியா அவனைச் சுற்றிக்கொண்டு அண்ணனிடம் போய், அவன் இடுப்பிலிருந்த இரண்டாவது துப்பாக்கியை உருவினாள். அறைகள் எல்லாம் காலி என்று ஒருமுறை சுழற்றிப் பார்த்துக்கொண்டாள். தொப்பிமாட்டியின் மூக்கைக் காம்பில் அழுத்தினாள். ஒன்பது வருஷம் எந்தத் தொப்பியும் உட்காராத காம்பில் அது சுகமாக உட்கார்ந்தது. மருந்து போடுவதற்கு முன்னால் காம்பு அடைத்திருக்கிறதா என்று எல்லோரும் பார்ப்பார்களே, அதேபோலக் குழலைக் கடை மேடையில் சிந்திக்கிடந்த மாவுக்கு நேரே பிடித்து விசையை இழுத்தாள். பட்டென்று வெடித்தது. மாவு இரண்டாகப் பிரிந்து பலகை தெரிந்தது. இனி அந்தத் தொப்பிமாட்டியில் மிச்சம் ஒன்றும் இல்லை, தொங்குகிற துப்பாக்கிக்கு மாட்ட இந்த உலகத்தில் வேறு தொப்பியும் இல்லை.

ஹார்லன் தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றான். பிறகு தயங்கித் தயங்கி, வெளியே கத்துவது யாருடைய கழுதை என்று கேட்டான். டாக்கெட்டுடையதுதான், எஜமானைத் தேடிக்கொண்டு தானே வந்திருக்கிறது என்று லூமிஸ் சொன்னார். சொன்னது ஹார்லனுக்குக் கேட்டது. அவன் மூட்டைமேல் உட்கார்ந்து அழுதான், அவள் பக்கத்தில் உட்கார்ந்து கொழுப்புக் கையாலேயே அவன் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

அன்று சாயங்காலமே தொங்கிய துப்பாக்கியை வீட்டுக்குக் கொண்டுபோய் அடுப்புக்கு மேலே மாட்டினார்கள். ஆமோஸ் அதற்குப் பிறகு மில்லுக்குத் தனியாகப் போனான், கோயிலில் ஆண்கள் பக்கம் உட்கார்ந்து நிம்மதியாகத் தூங்கினான். சாப்பாட்டு நேரத்தில் அவளைக் காணவில்லை என்றால் அண்ணாந்து குழலைப் பார்ப்பான். ஓடைப் பக்கம் காட்டினால் துணி, மேட்டுப் பக்கம் காட்டினால் பழம். ஹார்லன் ஞாயிற்றுக்கிழமைகளில் சாப்பிட வருவான், காம்பில் இன்னும் வரும் அந்தப் புகையில் சுருட்டுப் பற்றவைத்துக்கொள்வான். தொப்பிமாட்டியில் டெல்ஃபியா குண்டூசி போட்டு வைத்திருந்தாள். 1898இல் அவளைக் காய்ச்சல் கொண்டுபோனது, மேட்டில் புதைத்தார்கள். ஆமோஸுக்கு அதற்குள் இரண்டு கண்ணிலும் புரை விழுந்திருந்தது. வாரத்துக்கு ஒருமுறை துப்பாக்கியை ஆணியிலிருந்து எடுத்து, உள்ளங்கையில் தளர்வாக வைத்துக்கொண்டு, குழல் திரும்பும் பக்கம் நடப்பான். வேலியோரம் நிற்பவர்கள் வழிவிட்டு ஒதுங்கி, சோளம் எப்படி வந்திருக்கிறது என்று விசாரிப்பார்கள். அவன் நின்று பதில் சொல்லிவிட்டுப் போவான். கல்லறைகள் நாற்பதுக்கு மேல் இருந்த மேடு அது, ஒரு தடவைகூட அவன் வேறு கல் பக்கத்தில் போய் உட்கார்ந்ததில்லை.