சாமிதுரை எடுத்துவைத்த டோக்கன் புரோகிராம்

எனக்குச் சந்தேகம் வந்தால் தனியாக வராது, ஓர் ஆளையும் கையோடு கூட்டிக்கொண்டு வரும். அன்றைக்குக் கூட்டி வந்த ஆள் சாமிதுரை.

ஆலத்தியூர்ப் பக்கம் ஒரு சுண்ணாம்புக்கல் குவாரியின் எடைமேடை ஆபீசில் நான் தற்காலிக ஆள். லாரிகளுக்கு வரிசை டோக்கன் போட ஒரு புரோகிராம் எழுதியிருந்தேன். பத்து மணிக்கு மேனேஜர் முன்னால் அது ஓடினால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் சொந்த ஊர் பெரம்பலூருக்குப் பஸ் ஏற வேண்டியதுதான். பதினைந்து வருஷமாக அந்த டோக்கனைக் கையால் எழுதிக் கொடுப்பவர் சாமிதுரை. யாருக்கு வயிறு எரியும், நீங்களே சொல்லுங்கள்.

சுண்ணாம்புத் தூசியில் அங்கே வருஷத்துக்கு ஒரு கம்ப்யூட்டர் படுத்துவிடும். அதனால் கணக்கு, பில் எல்லாவற்றையும் பென் டிரைவில் வைத்தே வேலை பார்ப்போம். நானும் முந்தின நாள் சாயங்காலமே என் பென் டிரைவைச் செருகி வைத்திருந்தேன். காலையில் கட்டளை அடிக்கும் டெர்மினலைத் திறந்து அதிலிருந்தே ஓட்டினேன். ‘பெர்மிஷன் டினைடு’ என்றது. என் லேப்டாப்பில் நூறு தடவை ஓடியதுதான். ஓட்டுவதற்கு அனுமதி தரும் கட்டளையை அடித்தேன். சத்தமில்லாமல் வாங்கிக்கொண்டு மறுபடி அதே பதிலைச் சொன்னது.

நேற்று அந்தக் கம்ப்யூட்டர் நாற்காலியில் கடைசியாக உட்கார்ந்தவர் சாமிதுரை. காலையில் என் முகத்தையே பார்க்கவில்லை. போதாதா? மேனேஜர் வந்ததும் சொல்லிவிட்டேன்.

“இவருதான் சார் என்னமோ பூட்டிவச்சிட்டாரு.”

மேனேஜர் அவரிடமிருந்த ஆபீஸ் சாவிக்கொத்தை வாங்கிக்கொண்டு அவரை வெளியே போகச் சொன்னார். சாமிதுரை எழுந்து வெளியே போனார்.

சாட்சி தேடிக் கம்ப்யூட்டருக்குள் துழாவினேன். அவருடைய ஃபோல்டரில் என் புரோகிராமின் நகல் இருந்தது. திருட்டு என்று கொதித்துப்போய், அதற்கு அனுமதி கொடுத்து ஓட்டிப் பார்த்தேன். முதல் டோக்கன் வந்து விழுந்தது. அப்போதுதான் புரிந்தது. பென் டிரைவில் இருக்கும் எந்தப் புரோகிராமையும் நேராக ஓட்ட அந்தக் கம்ப்யூட்டர் விடாது, உள்ளே எடுத்து வைத்தால்தான் ஓடும். யாரும் எதையும் பூட்டவில்லை.

தப்பு என்னுடையது என்று மேனேஜரிடம் சொன்னேன். ஓடுகிறதல்லவா, இனி அந்த ஆள் எதற்கு என்றார்.

அவர் மேசையிலிருந்த சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு கேட்டுக்கு ஓடினேன். சாமிதுரை செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்.

“பென் டிரைவ மறந்து வச்சிட்டுப் போயிட்டியேன்னு உள்ள ஒரு காப்பி எடுத்து வச்சேன் பாப்பா. தொலைஞ்சிட்டா உன் வேல போயிருமுல்ல.”

சாவியை நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

“நீயே வச்சிக்க. லாரிக்காரன் நிக்கிறான் பாரு, போ.”