நீல வயர்

மாமா காரில் புது ஸ்டீரியோவை மாட்டி முடித்தபோது வயருக்குத் தலைகால் புரியவில்லை. கார் ஸ்டீரியோ மாட்டுகிறவன் என்பதால் கடைத்தெருவே அவனை வயர் என்றுதான் கூப்பிடும். அக்காவைக் கட்டிய பன்னிரண்டு வருஷத்தில் மாமா அவனைப் பாராட்டியது அன்றைக்குத்தான்.

"பிரமாதம்டா! ஆனா ரிவர்ஸ் எடுக்கறப்ப மட்டும் நான் அணைச்சிடுவேன். பின்னால ஆள் இருந்தா பீப் அடிக்குமே, அது காதுல விழணும்ல?"

"உங்கள மாதிரி ஜாக்கிரதையான ஆளுக்கு பீப்பே வேணாம் மாமா" என்று சிரித்து அனுப்பி வைத்தான்.

மிச்ச வயரைச் சுருட்டும்போதுதான் கை நின்றது.

காரோடு வந்த, ஸ்பீக்கருக்குச் சத்தம் கொடுக்கும் ஆம்ப்ளிஃபயர் சீட்டுக்கு அடியில் இருக்கிறது. நல்ல சரக்கு, அதை ஏன் கழற்ற வேண்டும் என்று புது ஸ்டீரியோவை அதனோடேயே இணைத்திருந்தான். ஸ்டீரியோவின் நீல வயரில் கரண்ட் வந்தால் ஆம்ப் விழிக்கும். ஸ்டீரியோவை அணைத்தால் அதுவும் தூங்கிவிடும். அந்தக் காரில் பீப் சத்தமும் அதே ஆம்ப் வழியாகத்தான் வரவேண்டும். பழைய ஸ்டீரியோ அணைந்திருந்தாலும் ஆம்பைத் தூங்க விடாது. புதுசு விட்டுவிடும். பீப் அடிக்கிறதா என்று இவனும் சோதித்தான்தான். பாட்டை ஓடவிட்டுக்கொண்டே சோதித்தான், மகா புத்திசாலி!

அக்கா வீட்டில் காரைப் பின்பக்கமாகத்தான் உள்ளே விட முடியும். இந்நேரம் அப்பா அங்கே நிழலில் முக்காலி போட்டு, கேட்டுக்கு முதுகைக் காட்டிப் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். காதருகே டமாரம் அடித்தாலும் அவருக்குக் கேட்காது. குள்ள முக்காலி, காரின் பின்கண்ணாடியில் தலைகூடத் தெரியாது. பீப் அடித்தால் மாமா இறங்கிப் போய் அவரை எழுப்பி நகர்த்துவார்.

வயர் போனை எடுத்தான். மாமாவுக்கு அடித்தான். வண்டி ஓட்டும்போது மாமா போனைத் தொடமாட்டார். அக்காவுக்கு அடித்தான். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தான். எடுத்தாள், பின்னால் வாஷிங் மெஷின் கடகடவென்று ஓடியது.

"என்னடா இப்ப? கையெல்லாம் சோப்பு..."

"அப்பா எங்க?"

"வெளிய. ஏன்?"

"ஓடு! அப்பாவை இழு! மாமா ரிவர்ஸ்ல வர்றாரு, பீப் அடிக்காது, ஓடுக்கா!"

செருப்புச் சத்தம் கேட்டது. கதவு படாரென்று திறந்தது. "ஐயோ, நிறுத்துங்க!" என்று அலறினாள். ஏதோ மரக்கட்டை முறிகிற சத்தம். பிறகு எதுவும் கேட்கவில்லை. கடை நடுவில் நின்று "அக்கா, அக்கா" என்று கத்தினான்.

போனில் வந்தது மாமா.

"உங்கப்பாவுக்கு முழங்கைல சிராய்ப்புடா, வேற ஒண்ணுமில்ல. உங்கக்கா இழுத்துட்டா. முக்காலிதான் நொறுங்கிப் போச்சு."

வயர் போனைக் காதோடு அழுத்திக்கொண்டான்.

"பீப் அடிக்கல. அடிக்கலேன்னா ஆள் இல்லேன்னுதானே அர்த்தம்? திரும்பிக்கூடப் பாக்காம வந்துட்டேன். நீ மாட்டினதாச்சே." மாமா மூச்சு வாங்கினார். "சென்சார்ல தூசி கீசி அடைச்சிருக்குமோ?"

ஆமாம் என்று சொன்னால் போதும். நாளைக்குக் காரை வரவழைத்து, யாருக்கும் தெரியாமல் சரிசெய்துவிடலாம். அந்த ஒரு பாராட்டும் மிஞ்சும்.

"தூசி இல்ல மாமா," என்றான் வயர். "நான் மாட்டினதுனாலதான்."