மூன்று நாள் சாம்பிள்

டிரைவருக்கும் அவர் மனைவிக்கும் ஒரே வருஷத்தில்தான் முட்டி கெட்டது. முப்பத்தொரு வருஷம் பஸ் கிளட்சை மிதித்ததில் அவருக்கு இடது முட்டி. ஆயத்த ஆடைக் கம்பெனியில் அறுபது தையல் மெஷின்களுக்கு நடுவே சூப்பர்வைசராக நாளெல்லாம் நடந்ததில் அவளுக்கு வலது முட்டி. டாக்டர் இரண்டு எக்ஸ்ரேக்களையும் பக்கத்துப் பக்கத்தில் மாட்டிப் பார்த்தார். "ரெண்டையுமே மாத்த வேண்டியதுதான். ஆனா ரெண்டு பேரும் சேர்ந்து படுத்துடாதீங்க. ஒருத்தர் எழுந்து நடந்தப்புறம் இன்னொருத்தர் வாங்க" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் "நீ முதல்ல", "நீங்க முதல்ல" என்று அரை மணி நேரம் போட்டி நடந்தது. டிரைவர் பெரிய தியாகி போலத்தான் பேசினார். ஆனால் மூன்றாவது தடவை அவள் "நீங்க முதல்ல" என்றதும், "சரி, நீ இவ்வளவு சொல்றியே" என்று கப்பென்று பிடித்துக்கொண்டார்.

ஆபரேஷனுக்குப் பிறகு ஆறு வாரம் அவருக்கு ராஜ வைத்தியம் நடந்தது. "எங்க போன?", "ஐஸ் உருகிடுச்சு", "தலையணை நழுவுது", "இங்க கொஞ்சம் வா." கெட்ட முட்டியை இழுத்துக்கொண்டு, சுவரைப் பிடித்துப் பிடித்து அவள் வந்தாள். முட்டிக்கு அடியில் தலையணை வைத்தால் முட்டி வளைந்தபடியே இறுகிவிடும், கணுக்காலுக்கு அடியில்தான் வைக்க வேண்டும் என்று பிசியோதெரபி பெண் சொன்னாள். அது அவருக்கு மறந்துபோனது, மனைவிக்கு மறக்கவில்லை. அவர் திருட்டுத்தனமாக உள்ளே தள்ளிய தலையணையை அவள் தினமும் உருவி எடுத்தாள், தினமும் திட்டும் வாங்கினாள்.

ஏழாவது வாரம் டிரைவர் வாக்கர் இல்லாமல் தெருமுனை வரை நடந்தார். பார்த்தவர்கள் எல்லாம் மெச்சினார்கள். அவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "எல்லாம் மனத் தைரியம்தான்" என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் அளந்தார். அந்த மனத் தைரியத்துக்கு மூன்று மணிக்கொரு தரம் ஐஸ் வைத்தது யார் என்று தெருவில் ஒருவரும் கேட்கவில்லை. இவரும் வாயைத் திறக்கவில்லை.

அடுத்து அவள் முறை. மூன்று தடவை தேதி வாங்கி, மூன்று தடவையும் தள்ளிப்போட்டாள். முதல் தடவை மகளுக்குப் பிரசவம் என்றாள். இரண்டாம் தடவை மழைக்காலம் முடியட்டும் என்றாள். மூன்றாம் தடவை, பல்லில் சீழ் இருந்தால் ஆபரேஷன் செய்யமாட்டார்கள் என்று பல்லைக் காட்டினாள். பல்லும் சரியாயிற்று. தேதி மட்டும் வரவில்லை.

"பயப்படறா" என்று டிரைவர் தீர்மானித்தார். தன் பழைய கண்டக்டரிடமும் அப்படியே சொன்னார். ஒருநாள் அவள் நாற்காலியில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தபோது, அனுபவஸ்தர் என்ற முறையில் உபதேசத்தையும் ஆரம்பித்துவிட்டார். "இடுப்புல ஒரு ஊசி, அவ்வளவுதான். ஒண்ணும் தெரியாது. என்னைப் பாரு."

"ஆபரேஷனுக்கு எனக்கென்ன பயம்? அது டாக்டர் பாடு" என்றாள் அவள், கத்தியை நிறுத்தாமல். "முடிச்சுட்டு இந்த வீட்டுக்குத் திரும்பி வரணுமே, அதுக்குத்தான் பயம்."

"ஏன், நான் இல்லையா?"

"நீங்கதான் இருக்கீங்க" என்றாள்.

டிரைவருக்குச் சுருக்கென்றது. கோபத்தோடு எழுந்து வாசலுக்குப் போனார். மகள் கைக்குழந்தையோடு தொலைவில் இருந்தாள், அவளால் வர முடியாது. வேறு ஆள் கிடையாது. அதாவது, தன்னை நம்ப முடியாததால்தான் தன் பெண்டாட்டி எட்டு மாதமாக நொண்டிக்கொண்டிருக்கிறாள். இந்தக் கணக்கை அவர் எப்படிப் போட்டாலும் விடை அதேதான் வந்தது. திரும்பி உள்ளே வந்தார்.

"என்ன பண்ணா நீ நம்புவ?"

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். "கம்பெனியில சாம்பிள் தைச்சுப் பார்க்காம நான் ஒரு லாட் துணியைக்கூட வெட்ட விட்டதில்ல. துணியை வெட்டிட்டா வெட்டினதுதான். மூணு நாள் சாம்பிள் போட்டுப் பார்ப்போம்."

"என்ன சாம்பிள்?"

"எனக்கு ஆபரேஷன் ஆயிடுச்சுன்னு வெச்சுக்கோங்க."

டிரைவர் விழுந்து விழுந்து சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. மறுநாளே கட்டிலைக் குளியலறைப் பக்கத்து அறைக்கு மாற்றச் சொன்னாள். கால் தடுக்கும் மிதியடிகளைச் சுருட்டச் சொன்னாள். அவருடைய வாக்கரை இரண்டு ஓட்டை இறக்கித் தன் உயரத்துக்கு வைத்துக்கொண்டாள். வலது காலை மடக்க முடியாதபடி துண்டால் சுற்றிக்கொண்டு படுத்தாள். அவர் பிடிக்காமல் எழுந்திருக்கமாட்டாள், அதுதான் விதி.

சாயங்காலத்துக்குள் டிரைவரின் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. டீ ஆறிப்போனது. சூப்பில் உப்பை இரண்டு தடவை போட்டார். ஐஸைத் துணியில் சுற்றாமல் அப்படியே கொண்டுபோய் வைத்தார். "என் தோலை உரிக்கப் பார்க்கறீங்களா?" என்று அவள் கேட்டாள். அறுபது மெஷின் சத்தத்துக்கு மேலே கேட்ட குரல் அது. "என்னங்க!" என்றால் பக்கத்து வீட்டுக்காரரே எழுந்து நின்றுவிடுவார். முதல் நாள் மட்டும் இருபத்தாறு தடவை கூப்பிட்டாள். டிரைவர் எண்ணினார்.

"வேணும்னே கூப்பிடற நீ."

"ஆமா, வேணும்னேதான். சாம்பிளை இழுத்துப் பார்த்தாத்தானே தையல் நிக்குதான்னு தெரியும்?"

இரண்டாம் நாள் காலையில் தையல் விட்டுப்போயிற்று. அவளைக் குளியலறைக்கு நடத்திக்கொண்டுபோய், உயரமான கமோட் நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு டிரைவர் வெளியே வந்தார். உடனே போன் அடித்தது. பழைய கண்டக்டர். வீட்டுக்குள் பேச்சு விட்டுவிட்டுக் கேட்டதால் வாசலுக்குப் போனார். எந்தக் காலத்திலோ மலைப்பாதையில் பிரேக் பிடிக்காமல் போன கதையைக் கண்டக்டர் மறுபடி எடுத்தார். அந்தக் கதையில் டிரைவர்தான் கதாநாயகன். பேசிக்கொண்டே தெருமுனை வரை போனார். போனதுதான் போனோம் என்று ரொட்டி வாங்கினார். கடைக்காரரிடம் தன் முட்டி எவ்வளவு மடங்குகிறது என்று காட்டினார்.

அவர் திரும்பியபோது ஐம்பது நிமிஷம் ஆகியிருந்தது. வீடு அமைதியாக இருந்தது. குளியலறையில் அவள் உட்காரவைத்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தாள். வாக்கர் கைக்கு எட்டாத தூரத்தில் சுவரோரமாக நின்றது.

"இன்னுமா உட்கார்ந்திருக்க? எழுந்து வர வேண்டியதுதானே?"

"ஆபரேஷன் ஆனவ எப்படிங்க எழுந்து வருவா?"

"ஏய், இது சும்மாதானே..."

"பதினாலு தடவை கூப்பிட்டேன்." அவள் குரலில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் அவர் பதிலுக்குக் கத்தித் தப்பித்திருப்பார். "உங்க ஆறு வாரத்துல, நீங்க கூப்பிட்டு நான் வராத நேரம் ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க."

டிரைவர் நினைவைத் துழாவினார். ஒன்றுகூட அகப்படவில்லை. மாறாக, குளித்துக்கொண்டிருந்தவள் தலையில் சோப்பு நுரையோடு வந்து நின்றதுதான் ஞாபகம் வந்தது. அன்றைக்கு அவர் கூப்பிட்டது டிவி ரிமோட்டுக்காக. அவருக்கு வெட்கமாக இருந்தது. அறுபத்தாறு வயதில் ஒரு மனிதனுக்கு இவ்வளவு வெட்கம் வரும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

அறைக்கு வந்ததும் அவள் காலில் சுற்றியிருந்த துண்டை அவிழ்த்து மடித்து வைத்தாள். "சாம்பிள் ரிஜெக்ட். விடுங்க. இந்த முட்டி இப்படியே இருந்துட்டுப் போகட்டும். சுவரைப் பிடிச்சுக்கிட்டு நடந்துடுவேன்" என்றாள்.

மறுநாள் காலையில் டிரைவர் அந்தத் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு அவள் முன்னால் போய் நின்றார்.

"சாம்பிள் ரிஜெக்ட் ஆனா தைச்ச ஆளை என்ன பண்ணுவ? வேலையை விட்டு அனுப்பிடுவியா?"

"பிரிச்சுத் தைக்கச் சொல்லுவேன்."

"அப்ப பிரிச்சுத் தைக்கறேன். முதல் நாள்லேர்ந்து."

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத் துண்டை வாங்கிக்கொண்டாள்.

இந்தத் தடவை போனை அணைத்து அலமாரிக்குள் வைத்தார். ரொட்டி முந்தின நாளே வந்துவிட்டது. "என்..." என்று அவள் ஆரம்பிக்கும்போதே "...னங்க" வருவதற்குள் வாசற்படியில் நின்றார். ஐஸ் துணிக்குள் போயிற்று, தலையணை கணுக்காலுக்குக் கீழே போயிற்று. சூப்பை மட்டும் அவரால் திருத்த முடியவில்லை. மூன்றாம் நாள் மாலை, அவர் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தபோது, அவளே ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு "தேதி குடுங்க" என்று கேட்டது காதில் விழுந்தது. டிரைவர் தேய்த்த தட்டையே மறுபடி தேய்த்தார். சந்தோஷத்தில் அவருக்குத் தலைகால் புரியவில்லை.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. நாலாம் நாள் வீட்டுக்கு வந்தார்கள். மாத்திரை நேரங்களைத் தாளில் எழுதி பிரிட்ஜில் ஒட்டினார். ஹாலில் அவள் அறைக்கு நேராக நாற்காலியைப் போட்டுக்கொண்டார். பத்தடி தூரம். தும்மினால்கூடக் கேட்கும்.

மறுநாள் காலை எட்டு மணிக்குச் சாப்பாடும் மாத்திரையும் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். ஒன்பதாயிற்று. அழைப்பு இல்லை. பத்தாயிற்று. சத்தமே இல்லை. மகள் போன் செய்து அம்மா எப்படி இருக்காங்க என்று கேட்டாள்.

"சாம்பிள்ல ஒரே நாள்ல இருபத்தாறு தடவை கூப்பிட்டவ, இன்னிக்கு ஒரு தடவைகூடக் கூப்பிடலை. பார்த்துக்கோ, அவ்வளவு நல்லா இருக்கா" என்றார் டிரைவர், பெருமையோடு.

பதினோரு மணிக்கு ஐஸ் பையைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

அவள் கட்டில் விளிம்பில் இருந்தாள். கட்டுப் போட்ட கால் தரையைத் தொட்டும் தொடாமலும் நடுங்கியது. ஒரு கை வாக்கரில், ஒரு கை மெத்தையில். எழுந்திருக்கவும் முடியாமல், திரும்பப் படுக்கவும் முடியாமல் பாதியில் நின்றுபோயிருந்தாள். முகமெல்லாம் வியர்வை. கீழுதட்டைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தாள். வாக்கர் ஒரு பக்கமாகச் சாய ஆரம்பித்திருந்தது.

ஐஸ் பை எங்கே விழுந்தது என்று டிரைவருக்குத் தெரியாது. அக்குளுக்குக் கீழே கை கொடுத்துத் தாங்கி நிறுத்தினார். "பாத்ரூம்" என்றாள், மூச்சுக்கு நடுவே. வாக்கர், புண்ணான கால், நல்ல கால், மறுபடி வாக்கர் என்று அடி அடியாக நடத்திக் கூட்டிப்போய், வாசலிலேயே நின்று, திரும்பவும் கூட்டிவந்து படுக்கவைத்தார். கணுக்காலுக்குக் கீழே தலையணையை வைத்தார்.

"எவ்வளவு நேரமா அடக்கிட்டு இருந்த?"

"ஒன்பது மணியிலேர்ந்து."

"ரெண்டு மணி நேரமா? பத்தடியில உட்கார்ந்திருக்கேனே! விழுந்திருந்தா என்ன ஆகறது? கூப்பிட வேண்டியதுதானே?"

அவள் போர்வை நுனியை இழுத்து விட்டுக்கொண்டாள்.

"சாம்பிள்ல தொண்டை கிழியக் கூப்பிட்டியே?"

"அப்ப எனக்கு எதுவும் வேண்டியிருக்கலை. அதான் வாய் வந்தது." அவள் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "நெஜமா வேணும்கறப்ப கூப்பிட்டுப் பழக்கமில்லைங்க."

கல்யாணமாகி முப்பத்தெட்டு வருஷம். காய்ச்சலில் அவள் கிடந்த நாட்களை டிரைவர் நினைத்துப் பார்த்தார். பிள்ளை பெற்று வந்த நாட்களை நினைத்துப் பார்த்தார். ஐஸ் பையோடு சுவரைப் பிடித்து நடந்த அந்த ஆறு வாரத்தை நினைத்துப் பார்த்தார். ஒரு தடவையும் கூப்பிட்டதில்லை. அவளுக்கு ஒன்றும் தேவைப்படாது, அது அவள் சுபாவம் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தார். அப்படி நினைத்துக்கொள்வது அவருக்கு வசதியாகவும் இருந்தது. அழுகை வரும்போல இருந்தது. அடக்கிக்கொண்டு ஹாலுக்குப் போனார். நாற்காலியைத் தூக்கிவந்து கட்டிலை ஒட்டிப் போட்டு உட்கார்ந்தார்.

"நீ கூப்பிட வேண்டாம். நானே கேட்டுக்கறேன்" என்றார். "தண்ணி வேணுமா?"

"வேண்டாம்."

டிரைவர் எழுந்து போகவில்லை. அப்படியே உட்கார்ந்திருந்தார். வெளியே யாரோ வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார்கள். குக்கர் ஆறி மூடி தளர்ந்த சத்தம் கேட்டது. அவள் தலையைத் திருப்பி, அவர் இன்னும் இருக்கிறாரா என்று பார்த்தாள்.

"கொஞ்சம் வேணும்" என்றாள்.