ஒன்பதாவது வரி

கடை வாசலில் மூன்று பிளாஸ்டிக் தொட்டிகளை வைத்து, முக்கால் அளவுக்குத் தண்ணீர் நிரப்பி, காற்றுக் குழாய்களை இறக்கிவிட்டு அவள் மணி பார்த்தாள். எட்டு ஐம்பது. எல்லோரும் வந்துவிட்டால் மூன்று தொட்டி போதாது. யாருமே வராவிட்டால் மூன்றும் காலியாகக் கிடந்து அவள் மானத்தை வாங்கும். இரண்டாவதுதான் நடக்கும் என்று தோன்றியது.

"என்னடி நோட்டு, மாப்பிள்ளை வீட்டுக்காரங்களுக்குக் காத்திருக்கிற மாதிரி நிக்கிற?" உள்ளிருந்து அத்தை கேட்டாள். எதையும் எழுதிவைக்கும் பழக்கத்தால் வந்த பெயர் அது.

வண்ணமீன் கடை அத்தையுடையது. நோட்டுக்குப் பகலில் அங்கே வேலை, மாலையில் வகுப்பு. சேர்ந்த முதல் மாதமே, மீன் வாங்குகிறவர்களுக்குக் கொடுக்க ஒரு குறிப்பு அட்டை எழுதினாள். மொத்தம் பத்து வரிகள். எத்தனை நாளுக்கு ஒருமுறை தண்ணீர் மாற்ற வேண்டும், எவ்வளவு தீனி போட வேண்டும் என்று எல்லாம் ஒழுங்காக இருந்தது. ஒன்பதாவது வரி: 'மீன் தொட்டிக்கு மீறி வளர்ந்துவிட்டால் ஏரியில் விடவும்; அங்கே சுதந்திரமாக வாழும்.' எழுதி முடித்தபோது அந்த வரிதான் அவளுக்கு மிகவும் பிடித்திருந்தது. அத்தை அதை நகலெடுத்து, விற்ற ஒவ்வொரு மீனோடும் கொடுத்தாள். அதிகம் விற்றது கிளீனர் மீன். கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு பாசியைத் தின்னும். வாங்கும்போது கட்டைவிரல் அளவு, இரண்டு வருடத்தில் முழங்கை நீளம்.

போன வாரம் ஏரியில் வலை போடுகிறவர் ஒருவர் வந்து, அப்படி ஒரு மீனை மேசைமேல் வைத்தார். உடம்பெல்லாம் கவசம், துடுப்பு முள்ளில் வலை நூல் சுற்றியிருந்தது.

"இது உங்க கடைச் சரக்குதானேம்மா? மூணு வலை போச்சு. இழுத்தா பாதிக்கு மேல இதுதான் வருது. நம்ம மீனோட முட்டையெல்லாம் தின்னுடுது."

அவர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலாம் என்றிருந்தது அவளுக்கு.

"நாம நிறுத்திட்டா அடுத்த தெருக்காரன் விப்பான்" என்றாள் அத்தை, அவர் போனதும். "தப்பு விக்கிறவங்க மேலயா, கொண்டுபோய் விடறவங்க மேலயா?"

"விடச் சொன்னதே நான்தான் அத்தை."

அத்தை தீனி டப்பாவை மூடி வைத்தாள். "சரி. வாங்கினவங்கள திருப்பிக் கொண்டாரச் சொல்லு. ஞாயித்துக்கிழமை மதியத்துக்குள்ள பத்துப் பேர் வந்தா, இந்த மீன் இனிமே நம்ம கடையில கிடையாது. வரலைன்னா நீ இதப்பத்தி வாயே திறக்கக் கூடாது."

ஒரு வாரத்துக்குள் மீன் செத்தால் வேறு மீன் தருவது அந்தக் கடை வழக்கம். அதற்காக வாங்கியவர் போன் எண்ணெல்லாம் நோட்டில் இருந்தது. இருநூற்று ஒன்பது பேரை அழைத்தாள். அறுபத்து மூன்று பேர், "ஏரியில விட்டுட்டோமே, உங்க அட்டையிலயே போட்டிருந்துச்சே" என்றார்கள். ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் ஒரு புள்ளி வைத்தாள். புள்ளி வைக்கும்போதெல்லாம் காது சூடாகியது.

ஒன்பது இருபதுக்கு முதல் ஆளாக ஒரு தையற்காரர் குக்கரோடு வந்தார்.

"குக்கர்லயா சார்?"

"வேற எதுல மூடி நிக்குது? ரெண்டு பேரு இருக்கானுங்க, பஸ்ஸு பூரா உதைச்சுக்கிட்டே வந்தானுங்க. குக்கரச் சீக்கிரம் குடும்மா, மதியம் சமைக்கணும்."

பிறகு ஒரு செவிலியர், குழந்தை குளிக்கும் தொட்டியை இரு பக்கமும் பிடித்தபடி அக்கா தங்கை, பெயின்ட் வாளியோடு ஒருவர், இன்னும் சிலர். பதினொன்றுக்கு நோட்டில் ஒன்பது பேர். அதோடு தெரு வெறிச்சென்று ஆனது.

பதினொன்று ஐம்பதுக்கு அத்தை வெளியே வந்து நோட்டை எட்டிப் பார்த்தாள். தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"தையக்காரரு ரெண்டு மீன் கொண்டாந்தாரு இல்ல?"

அவள் நிமிர்ந்தாள். அத்தை வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆள்தான் கணக்குன்னு சொன்னீங்க அத்தை. ஒன்பதுதான்."

"பொழைக்கத் தெரியாதவ" என்றாள் அத்தை. ஆனால் உள்ளே போகவில்லை.

அப்போது தெருமுனையில் தள்ளுவண்டிச் சத்தம் கேட்டது. அடுக்குமாடிக் குடியிருப்பின் காவலாளி வியர்க்க விறுவிறுக்கத் தள்ளிக்கொண்டு வந்தார். வண்டியில் ஒரு பெரிய நீல டிரம், தளும்பிக்கொண்டு.

"நீங்க போன் பண்ணின அம்மா லிஃப்ட்ல எழுதி ஒட்டிட்டாங்க. பதினேழு வீடு! எல்லாம் மகா சோம்பேறிங்க, நானே அள்ளிப் போட்டுக்கிட்டு வந்தேன். இந்தாங்க, வீட்டு நம்பரெல்லாம் எழுதியிருக்கேன்."

அவர் பின்னால் இரண்டு பேர் வாளியோடு வந்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் ஒரு ஸ்கூட்டர்.

"ஏய் நோட்டு! எழுதினது போதும், தொட்டி பத்தாதுடி!" அத்தை சேலையைச் செருகிக்கொண்டு ஓடினாள். கடைக்குள்ளிருந்த பெரிய கண்ணாடித் தொட்டியைத் தானே இழுத்து வந்தாள். திரும்பி வரும் மீன்களை எடுத்துக்கொள்ளச் சம்மதித்திருந்த மீன் பண்ணைக்காரருக்குப் போன் போட்டு, சொன்ன வண்டி பத்தாது, பெரிய வண்டி அனுப்பச் சொல்லிக் கத்தினாள். அந்த அவசரத்திலேயே ஸ்டூல்மேல் ஏறி, முன் கண்ணாடியில் 'கிளீனர் மீன்' என்றிருந்த எழுத்துகளைப் பிளேடால் சுரண்டினாள். சிவப்புத் துணுக்குகள் அவள் தலைமுடியில் விழுந்தன.

நோட்டு ஒரு புது அட்டையை எடுத்தாள். எட்டு வரியை அப்படியே எழுதினாள். ஒன்பதாவது வரிக்கு வந்ததும் பேனாவோடு நிமிர்ந்து தெருவைப் பார்த்தாள்.

வெயிலில் காய்ந்து கிடந்த தெருவில், வாளிகளிலிருந்து சிந்திய தண்ணீர் ஈரக் கோடுகளாக இருந்தது. பேருந்து நிறுத்தத்திலிருந்து ஒன்று, குடியிருப்புப் பக்கமிருந்து அகலமாக ஒன்று, சந்திலிருந்து வளைந்து வளைந்து ஒன்று. ஏரிக்குப் போகும் பாதை மட்டும் காய்ந்திருந்தது. எல்லாக் கோடுகளும் கடை வாசலில் வந்து கலந்து, ஒரே தேக்கமாக மின்னின.