துவர்ப்பு போதாது

ஆம்பூர் தோல் பதனிடும் ஷாப்பில், தோல் ஊறும் குழிகளில் உள்ள பட்டைத்தண்ணீரின் பதம் பார்ப்பது முனிரத்தினத்தின் நாக்குதான். தினமும் காலையில் குழிக்கு ஒரு வாய் எடுத்துக் கொப்பளித்துத் துப்பிவிட்டு, எதில் துவர்ப்பு போதாது, எதில் இன்னும் ஆவாரம்பட்டை போட வேண்டும் என்பான்.

தோல் வாங்க வந்த பிரெஞ்சுத் துரை, முதலாளி ரவூப் சாயபுவுக்கு ஒரு புட்டி சிவப்பு ஒயின் கொடுத்தார். எண்பது வருஷத்துக் கிரெனாஷ் திராட்சைக் கொடியின் பழமாம். பட்டு மாதிரி இறங்குமாம். சாயபு மதுவைத் தொடமாட்டார். துரையின் முகம் கோணவும் கூடாது. முனிரத்தினத்தைக் கூப்பிட்டார்.

அவன் ஒரு வாய் உறிஞ்சி, உருட்டி, துரையின் பூட்ஸுக்குப் பக்கத்தில் துப்பினான். துரைக்குப் பரம சந்தோஷம். அவர் ஊரில் ஒயின் ருசி பார்க்கும் மேதாவிகளும் இப்படித்தான் துப்புவார்களாம்.

"இன்னாடா சொல்ற?" என்றார் சாயபு.

"துவர்ப்பு ரொம்பக் கம்மி மொதலாளி. இதுல ஆட்டுத்தோலுகூடப் பதமாவாது. கெழட்டுக் கொடியில வேற இன்னா வரும்? புடுங்கிப் போட்டுட்டு ஆவாரம் நடச் சொல்லுங்க."

"ரொம்ப மிருதுவாம்," என்று சாயபு துரையிடம் சொன்னார். துரை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கிளம்பினார்.

"மிச்சத்தைக் குழியில ஊத்திடு."

"ஐயோ, ஊறுற சரக்கு கெட்டுடும்!" முனிரத்தினம் புட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான். "எனக்குள்ள ஊத்திக்கிறேன். என் தோலு எப்பவோ பதமாய்டுச்சு."