மஞ்சள் படாத வெள்ளை

புது உடுப்பு எதுவானாலும் மூலையில் ஒரு பொட்டு மஞ்சள் வைக்காமல் சிவமலர் ஒருவருக்கும் உடுத்தக் கொடுத்ததில்லை. மானிப்பாயில் இருந்தபோதும் அப்படித்தான். துபாய்க்கு வந்து, சத்வாவில் ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடியில் ஸஹ்ரூன் என்கிற ஈராக்கியக் கிழவரைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் சேர்ந்த பிறகும் அப்படித்தான். ஆகவே அந்தச் சனிக்கிழமை காலை, தெருமுனைத் தையல்காரர் மாயாண்டியிடமிருந்து கிழவரின் புது உடுப்புகளை வாங்கி வந்ததும் அவள் நேரே சமையலறைக்குப் போய் மஞ்சளைக் குழைத்தாள். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

உண்மையைச் சொன்னால், அந்த உடுப்புகளைப் பார்த்ததுமே அவளுக்குப் பிடிக்கவில்லை. நீளச் சட்டை, காற்சட்டை, தோள்துண்டு, தலைப்பாகைத் துணி, எல்லாமே வெள்ளை. கரையில்லை, பூவில்லை, ஒரு நிறத்து நூல்கூட இல்லை. மஞ்சள் படாத வெள்ளைக் கோடியை அவளுடைய ஊரில் பிணத்துக்குத்தான் போடுவார்கள். பாபா என்று அவள் கூப்பிடும் அந்தக் கிழவர் இன்னும் உயிரோடு இருக்கிறார். புற்றுநோய் அவரைப் பாதியாகத் தின்றுவிட்டது, டாக்டர்கள் கையை விரித்துவிட்டார்கள், அதெல்லாம் சரி. அதற்காக இப்போதே கோடி போர்த்துவதா? ஒரு பொட்டு போதும் என்றாலும் சட்டையின் கீழ் மூலையில் அவள் தாராளமாகவே பூசிவிட்டாள்.

உடுப்பு எதற்கென்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. குற்றம் சொல்வதென்றால் அதைத்தான் சொல்ல வேண்டும். கிழவரின் மகள் அன்ஹார் ஒரு வங்கியில் வேலை பார்த்தாள். நல்ல பெண், சிவமலரை ஒருநாளும் முகம் சுளித்துப் பேசியதில்லை. ஆனால் தங்கள் மதம் என்று வந்தால் வாயில் பூட்டுப் போட்டுக்கொள்வாள். பாபா சில வேளை தொடங்குவார். ஒளியாலான ஓர் உலகம், அங்கிருந்து வந்து இந்த மண் உடம்புக்குள் மாட்டிக்கொண்ட உயிர், அறிவு வந்தால்தான் அது வீடு திரும்பும் என்றெல்லாம் சொல்வார். சிவமலருக்கு அது ஒன்றும் அந்நியமாகப் படவில்லை. ஊர்க் கோயில் பிரசங்கங்களில் பாதி கேட்ட சங்கதிதான். அதற்குள் அன்ஹார் வந்து அரபியில் ஒரு சொல் சொல்வாள், கிழவர் கப்பென்று அடங்கிவிடுவார். கட்டடத்தில் சிலர் அவர்களை முஸ்லிம்கள் என்றார்கள், சிலர் கிறிஸ்தவர்கள் என்றார்கள். அன்ஹார் இரண்டையும் மறுப்பதில்லை.

அன்று வெளியே போய்வந்த அன்ஹார் சட்டையை விரித்துப் பார்த்தாள். கத்துவாள் என்று நினைத்தால் கத்தவில்லை. நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு பாய்ந்தெழுந்து குளியலறைக்கு ஓடி, சிவமலர் தடுப்பதற்குள் சவர்க்காரம் போட்டுத் தேய்த்துவிட்டாள். மஞ்சளில் சவர்க்காரம் பட்டால் என்னவாகும் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? கறை குங்குமச் சிவப்பாகிப் பளிச்சென்று நின்றது. சட்டையைக் கையில் பிடித்தபடி அவள் விம்மி அழுதாள்.

அந்த அழுகைக்கு நடுவில்தான் எல்லாம் வெளியே வந்தது. அவர்கள் மந்தேயர்கள், ஈராக்கின் ஆற்றங்கரைகளில் காலங்காலமாக வாழ்ந்த ஒரு சிறு கூட்டம். ஏசுநாதருக்கு ஞானஸ்நானம் கொடுத்த யோவானைப் பெரிய ஆசானாகக் கொண்டாடுவார்கள், ஏசுவை ஏற்கமாட்டார்கள். கிறிஸ்தவம் தவழ்ந்துகொண்டிருந்த காலத்தில் இரகசிய ஞானம் பேசிய கூட்டங்கள் அந்தப் பக்கத்தில் எத்தனையோ இருந்தனவாம். ஒன்றோடொன்று சண்டை பிடித்தும், ஒன்றிடமிருந்து ஒன்று எடுத்துக்கொண்டும் வாழ்ந்த அவற்றில் அநேகமாக எல்லாம் மண்ணோடு போயின, இவர்கள் மிஞ்சினார்கள். மிஞ்சியதே வாயை மூடிக்கொண்டிருந்ததால்தான் என்று அன்ஹாரை வளர்த்தவர்கள் அவளுக்குச் சொல்லியிருந்தார்கள்.

அவர்களுக்கு எல்லாமே ஓடுகிற நீரில்தான். எந்த நாட்டில் எந்த நீர் ஓடினாலும் அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் யோர்தான். சாவதற்கு முன் வெள்ளை உடுத்தி அதில் ஒருமுறை முழுகிவிட வேண்டும், இல்லாவிட்டால் தன் உயிர் வழி தெரியாமல் அலையும் என்று பாபா நம்பினார். அந்த வெள்ளையில் வேறு நிறம் துளியும் இருக்கக் கூடாது. முழுக்கைச் செய்து வைக்க ஒரு குரு வேண்டும். அப்படி ஒருவர் ஈரானிலிருந்து ஆஸ்திரேலியாவுக்குப் போகிற வழியில் மறுநாள் ஒரு பகல் மட்டும் துபாயில் நிற்கிறார். மறுநாள் ஞாயிறு, அவர்களுடைய புனித நாள். ஃபுஜைரா மலையில் தண்ணீர் வற்றாத ஓடை ஒன்றைக்கூட அன்ஹார் தேடிப் பிடித்து வைத்திருந்தாள்.

வேறு துணி வாங்கிக் கொடுத்தால் பொழுதுபடுவதற்குள் மாயாண்டி தைத்துத் தந்துவிடுவார் என்றாள் சிவமலர். அன்ஹார் முடியாது என்றாள். அந்தத் துணி அவளுடைய தாய் பாக்தாதில் தனக்கும் கணவருக்குமாக வாங்கி வைத்தது. சந்தைக்குப் போன தாய் குண்டுவெடிப்பில் போய்விட்டாள். அவளுக்கு முழுக்கும் இல்லை, வெள்ளையும் இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன், 2005இல், நாட்டைவிட்டு ஓடி வந்தபோது பாபா தன் பெட்டியில் முதலில் எடுத்து வைத்தது அந்தத் துணியைத்தான். அதை விட்டு வேறொன்றை உடுத்தச் சொன்னால் உடுத்தவே மாட்டார்.

நன்மை செய்யப் போய் ஒரு மனிதர் கரையேறுவதையே மறித்துவிட்டோமே என்று சிவமலருக்குத் தன்மேலேயே கோபம் பொங்கியது. ஆனால் அழுதுகொண்டிருக்க நேரமில்லை. மஞ்சள் கறைக்குச் சவர்க்காரம் ஆகாது, வெயில்தான் ஆகும். பிள்ளைகளின் புதுச் சட்டையில் வைத்த மஞ்சள் கொடியில் காய்ந்து காய்ந்தே காணாமல் போவதை அவள் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள். துபாயில் வேறு எதற்குப் பஞ்சம் வந்தாலும் வெயிலுக்கு வராது. மொட்டைமாடிச் சாவிதான் வாட்ச்மேன் கௌஸ் முகைதீனிடம் இருந்தது.

அவர் மேலப்பாளையத்துக்காரர், சட்டத்தை மீறுவது அவருக்கு ஆகாத காரியம். “மாடில துணி போடக்கூடாதுன்னு ஒனக்குத் தெரியாதா தங்கச்சி? மொதலாளி பாத்தார்னா எம் பொழப்புல மண்ணு விழுந்துரும்” என்றார்.

“உடுப்புக் காயப்போடக் கேக்கேல்லை அண்ணை. ஒரு மனுசன் நிம்மதியாய்ப் போய்ச் சேர வேணும். பின்னேரம் வரைக்கும் திறந்து விடுங்கோ, நான் பக்கத்திலேயே இருக்கிறன்.”

எதற்கு, எந்த மதம் என்றெல்லாம் கௌஸ் முகைதீன் கேட்கவில்லை. மூன்றாம் மாடிக் கிழவர்தானே என்று மட்டும் கேட்டுவிட்டு, முணுமுணுத்துக்கொண்டே சாவியை எடுத்தார். சற்று நேரத்தில் ஒரு வாளித் தண்ணீரையும் அவரே தூக்கி வந்து வைத்தார்.

சட்டையை நன்றாக அலசிச் சவர்க்காரத்தைப் போக்கிவிட்டு, எலுமிச்சம்பழம் பிழிந்ததும் சிவப்பு மறுபடி மஞ்சளானது. கறைபட்ட மூலையை மட்டும் வெயிலில் விரித்து, மீதித் துணியை மடித்து நிழலில் வைத்தாள். காயக் காய நனைத்தாள், திருப்பிப் போட்டாள். ஏப்ரல் வெயில் முதுகைச் சுட்டது. பாபாவுக்குச் சாப்பாடு கொடுத்துவிட்டு மேலே வந்த அன்ஹார் அவளுக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டாள். திறந்த வாய் பிறகு மூடவில்லை. தங்கள் தொழுகை வடக்கு நோக்கி என்றாள். நல்லூர்க் கந்தனைப் பற்றியும், நீத்தாருக்காகக் கீரிமலையில் முழுகுவதைப் பற்றியும் சிவமலர் சொன்னபோது, உங்களுக்கும் தண்ணீர்தானா என்று வியந்து சிரித்தாள். அப்படிச் சிரித்து அவளைச் சிவமலர் பார்த்ததே இல்லை.

பொழுது சாயும்போது மூலையில் கறை இல்லை. இருவரும் சட்டையை மாறி மாறி முகத்தருகே வைத்துப் பார்த்தார்கள், ஒன்றும் தெரியவில்லை. இதை மட்டும் குருவிடம் சொல்லிவிடாதே என்று அன்ஹார் கேட்டுக்கொண்டாள். தனக்கென்ன பைத்தியமா என்றாள் சிவமலர்.

மறுநாள் காலை ஃபுஜைராவில் மலையிடுக்கில் கணுக்காலிலிருந்து இடுப்புவரை ஆழமாக அந்த ஓடை ஓடிக்கொண்டிருந்தது. குரு வெள்ளைத் தாடிக்காரர், அதிகம் பேசாதவர். முழுகப் போகிறவரை வெளியார் தொடக்கூடாது என்பதால் சிவமலர் சற்றுத் தள்ளி ஒரு பாறையருகே நின்றாள். பாபா நாற்காலியில் நடுங்கிக்கொண்டிருந்தார். குரு உடுப்புகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சட்டை வந்தபோது கை நின்றது.

பெட்டியில் வருஷக்கணக்காகக் கிடந்து லேசாகப் பழுத்த துணி அது. சிவமலர் நாள் முழுக்க வெயிலில் காட்டிய மூலை மட்டும் பால்போல வெளுத்திருந்தது. முந்தைய மாலை மங்கலில் தெரியாதது காலை வெயிலில் குருடனுக்கும் தெரியும். இந்த மூலை மட்டும் ஏன் இத்தனை வெள்ளை என்று குரு கேட்டார். அன்ஹார் சிவமலரைத் திரும்பிப் பார்த்தாள்.

மருந்து கொட்டியது, கழுவினோம் என்று சொன்னால் போதும், காரியம் முடிந்துவிடும். சிவமலரின் நாக்கு நுனிவரை அது வந்துவிட்டது. ஆனால் பாபா அந்தச் சட்டையோடுதான் இறங்கப் போகிறார். அவருக்குத் தெரியாமல் ஒரு பொய்யையும் சேர்த்து உடுத்தி அனுப்புவதா? அவள் தன் ஓட்டை அரபியை எல்லாம் திரட்டிக்கொண்டு முன்னால் வந்தாள்.

“நான்தான் ஐயா. மஞ்சள் பூசினனான். புது உடுப்பெண்டால் நாங்கள் அப்பிடித்தான் பூசுறது. வெயிலிலை போட்டு எடுத்திட்டன். பிழை என்ரை, இவையின்ரை இல்லை.”

அன்ஹார் கண்ணை மூடிக்கொண்டாள். பாபா நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பற்றினார். எதை நினைத்துக்கொண்டு பூசினாய் என்று குரு கேட்டார்.

“உடுக்கிறவர் நல்லாயிருக்க வேணுமெண்டுதான். வேறை என்னத்துக்கு?”

குரு சட்டையோடு ஓடைக்குள் இறங்கி, அந்த மூலையை ஓடுகிற நீரில் பிடித்தார். தண்ணீர் தெளிவாகவே போனது.

“நிறம் இருந்தால் விலக்க எங்களுக்கு விதி இருக்கிறது. நல்லாயிருக்க வேண்டும் என்று ஒருத்தி நினைத்ததை விலக்க விதி இல்லை” என்றார். அதை அவளுக்குப் புரியும்படி மெதுவாகவே சொன்னார். பிறகு கிழவருக்கு உடுத்திவிட்டார்.

பாபா அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஓர் அடி ஓர் அடியாக நீருக்குள் போனார். ஒருமுறை முழுகினார், இரண்டாம் முறை முழுகினார். மூன்றாம் முறை உள்ளே போனவர் எழச் சற்றுத் தாமதமானது, கரையில் இரண்டு பெண்களும் ஓரடி முன்னால் வந்தார்கள். தலை மேலே வந்தபோது அவர் சிரித்துக்கொண்டிருந்தார். வெளியார் இருக்கும் கரையைப் பார்த்து, “மலர், தண்ணீர் எப்படிக் குளிர்கிறது தெரியுமா” என்று பெரிய குரலில் சொன்னார். முழுக்கின் நடுவில் பேச்சு கூடாது என்று குரு அதட்டினார். இத்தனை நாளும் அவர் வாயை அடக்கிவந்த அன்ஹார் அழுகையும் சிரிப்புமாகச் சிவமலரின் தோளைப் பற்றிக்கொண்டு, சத்தமாகவே பேசுங்கள் அப்பா, கேட்கிறது என்றாள்.