நான்காவது தேதி

அக்காவுக்குப் போட்டுவிட வேண்டிய சட்டையை இரண்டு பக்கமும் மூன்று விரல் அளவு பிடித்துத் தைத்துக்கொண்டிருந்தாள் தங்கை. மெஷின் சத்தம் கூடம் வரை கேட்டது. சாவு வீட்டில் மெஷின் ஓடலாமா என்று வாசலில் யாரோ முணுமுணுத்தார்கள். ஓடட்டும். முப்பது வருடம் ஊருக்கெல்லாம் அளவு பிசகாமல் தைத்துக் கொடுத்தவள், தொளதொளவென்று ஒரு சட்டையிலா போவாள்?

மார்பில் வந்த கட்டி ஒன்றரை வருடத்தில் அக்காவைப் பாதியாக்கி, இன்று காலையில் மொத்தமாக முடித்துவிட்டது. வண்டி மூன்று மணிக்கு வரும். இப்போது இரண்டேகால்.

சட்டையைப் போட்டு, அக்காவைக் கூடத்தில் கிடத்திவிட்டு நிமிர்ந்தால், ஊசி போடாத டாக்டரம்மா நின்றிருந்தாள். அது அக்கா வைத்த பெயர். ஆராய்ச்சி நிலையத்துக்காரி, பட்டத்தால் மட்டும் டாக்டர். கால்வாய்க்கு இந்தப் பக்கம் இருக்கிற வேற்று பாஷைக்காரர்கள் ஏன் மார்புப் பரிசோதனைக்கு வருவதில்லை என்று கண்டுபிடிக்க வந்தவள். இவர்கள் பேச்சைக் கற்றுக்கொண்டு வந்தாள், அதைச் சொல்லத்தான் வேண்டும். ஆனாலும் அவளுடைய கேள்வித்தாளுக்கு ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. கடைசியில், "சொல்ல வேண்டாம், தைச்சுக் காட்டுங்க" என்று துணி கொடுத்தாள். பதினான்கு பெண்கள், ஆளுக்கு ஒரு முழம். எல்லாவற்றையும் சேர்த்து நாளைக்கு ஆஸ்பத்திரி முன்கூடத்தில் தொங்கவிடுகிறார்கள்.

மற்றவர்கள் பூவும் பறவையும் தைத்தார்கள். அக்கா ஆஸ்பத்திரியின் மூடிய ஜன்னல் ஒன்றைத் தைத்து, அதன் கீழே சிவப்பு நூலில் நான்கு தேதிகளைப் போட்டாள். "நாங்க வரலையாமே? நாலு தடவை வந்தேன். டோக்கனைக் குடுத்துட்டு, உங்க பாஷை பேச ஆள் இல்லைன்னு நாலு தடவையும் திருப்பி அனுப்பினாங்க. படிச்சவங்கதானே, படிக்கட்டும்" என்றாள்.

டாக்டரம்மா கொஞ்ச நேரம் அக்காவின் பக்கத்தில் நின்றாள். பிறகு பையிலிருந்து அந்தத் துணியை எடுத்துத் தங்கையிடம் நீட்டினாள்.

"இது உங்க வீட்டுலயே இருக்கட்டும்னு கொண்டு வந்தேன்."

"நாளைக்குத் தொங்கவிடணுமே?"

"கடைசித் தேதியில ஒரு சிக்கல். பத்தொம்பதுன்னு இருக்கு. அன்னிக்கு லீவு, ஆஸ்பத்திரியில டோக்கனே குடுக்கல. ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்னுட்டாங்க நிர்வாகத்துல. ஒண்ணு பொய்னா நாலும் பொய்யாம். நானும் எவ்வளவோ வாதாடிப் பார்த்தேன்."

"அக்காகிட்ட கேட்டீங்களா?"

"தேதியெல்லாம் சரியான்னு போன மாசமே கேட்டேன். நான் போன நாள் எனக்குத் தெரியாதான்னு மூஞ்சியைத் திருப்பிக்கிட்டாங்க."

அக்காவின் கணவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்காமலே சொன்னார்: "விடும்மா. போய்ச் சேர்ந்தவளை எதுக்குப் பொய்க்காரி ஆக்கணும்? துணியை உள்ளே வை."

தங்கை துணியை விரித்தாள். பத்தொன்பதுதான். அந்த ஒன்பதின் மேல் விரலை வைத்தாள்.

மரச் சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டி, எதிரும் புதிருமாக உட்கார்ந்து தைப்பது அக்கா தங்கை வழக்கம். இதைத் தைத்த அன்றைக்கு வலி தாங்காமல் அக்கா சுவரில் சாய்ந்து கண்ணை மூடிவிட்டாள். துணியில் சாக்பீஸால் எழுதியிருந்த கடைசி எண் கை பட்டு அழிந்திருந்தது. "பதினாறுடி. ஒண்ணு போட்டுட்டேன், நீ ஆறு போட்டுடு" என்றாள். இவளும் போட்டாள், எதிர்ப்பக்கத்தில் உட்கார்ந்தபடியே, தனக்கு நேராக. இவளுக்கு ஆறு. உலகத்துக்கு ஒன்பது.

"பொய் சொன்னது அவ இல்ல, என் கை" என்றாள் தங்கை. அழுகை வந்தது. அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது, தன் மேலும், ஊரில் இருக்கும் எல்லா ஜன்னல்கள் மேலும்.

கத்தரியை எடுத்து, பின்பக்கத் துணியை ஓரமாகப் பிரித்தாள். ஒவ்வொரு தேதிக்குப் பின்னாலும் அன்றைய டோக்கன் சீட்டை உள்ளே வைத்துத் தைத்திருந்தாள் அக்கா. எதற்கும் இருக்கட்டும் என்றுதான். நான்காவது சீட்டில் ஆஸ்பத்திரி முத்திரை, பதினாறாம் தேதி.

"துணியைத் திருப்பித் தடவிப் பார்க்கணும்னு உங்கள்ல ஒருத்தருக்குக்கூடத் தோணலையா?"

டாக்டரம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. அவசரமாகப் போனை எடுத்தாள். "இதை போட்டோ எடுத்துக்கறேன். இதுவே போதும். தையலை அப்புறமா யாரையாவது வெச்சு..."

"யாரையாவது வெச்சா? யார் தைச்சாளோ அவதான் பிரிக்கணும். அவ இங்க இருக்கும்போதே பிரிக்கணும்."

சட்டத்தை எடுத்து வந்து அக்காவின் அருகில் தரையில் போட்டு, துணியை அதில் இழுத்துக் கட்டினாள். ஒன்பதின் இழைகளை ஒவ்வொன்றாக நறுக்கி உருவினாள். வாசலில் வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. உடனே ஹார்ன்.

"மூணு ஆச்சும்மா" என்றார் அக்காவின் கணவர். "வண்டி நிக்குது."

"நிக்கட்டும் மாமா. நாலு தடவை இவளை நிக்க வெச்சாங்க. இன்னிக்கு இவளுக்காக ஒரு வண்டி நிக்கட்டும்."

டாக்டரம்மா சட்டத்துக்கு எதிரே வந்து மண்டியிட்டு, உதவுவதாக நினைத்து அதன் விளிம்பைப் பிடித்தாள்.

"அங்க வேண்டாம். அங்க உக்காந்துதான் நான் தப்பு பண்ணேன். இந்தப் பக்கம் வாங்க."

அவள் எழுந்து சுற்றி வந்து, தங்கையை ஒட்டித் தரையில் உட்கார்ந்தாள். தங்கை சிவப்பு நூலைக் கோர்த்து முதல் குத்தைக் குத்தினாள். மறுபடியும் ஹார்ன் அடித்தது. அக்காவின் கணவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். வாசலில் அவர் குரல் கேட்டது.

"இன்ஜினை அணைச்சுடுப்பா. நேரமாகும்."